டர்போ ஊர்திகளின் வெளியேற்றுத் தொகுதி மேம்பாடு: சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட ஊர்தியின் வெளியேற்றுக் குழாய்களை மாற்றுவது ஆர்வலர்கள் முதலில் மேற்கொள்ளும் மாற்றங்களுள் ஒன்று. டர்பைனுக்குப் பின்னுள்ள தடையைக் குறைத்தால் எஞ்சினின் திறன் கூடும் என்பது உண்மை. எனினும் அத்தடை பூஸ்ட் கட்டுப்பாட்டிலும், மாசு நீக்கத்திலும், ஒலியடக்கத்திலும் பங்குபெறும் ஓர் உறுப்பாகவே ஊர்தியில் அமைந்துள்ளது. 2002ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு, குழாய் மாற்றத்தால் எது ஏன் மாறுகிறது, எந்த இடத்தில் எஞ்சினுக்குக் கேடு நேர்கிறது, வினையூக்கி மாற்றியை நீக்குவது எத்துணைப் பொருளுடையது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: டர்போசார்ஜர், பின்னழுத்தம், டவுன்பைப், வேஸ்ட்கேட், வினையூக்கி மாற்றி, தட்டல் எரிதல்.

முன்னுரை

எஞ்சினிலிருந்து வெளியேறும் எரிவளிமத்தை ஊர்தியின் பின்புறம் கொண்டுசேர்க்கும் குழாய்கள் அனைத்திற்கும் தமிழகத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் 'சைலன்சர்' என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. இரு சக்கர ஊர்தியைப் பொறுத்தவரை இதனால் பெரிய இடர் எதுவும் இல்லை. டர்போ பொருத்திய காரில் இப்பொதுப்பெயர் பொருள்மயக்கம் தருகிறது. அங்கு ஒலியடக்கும் கலம் தொகுதியின் கடைசி உறுப்பு மட்டுமே. அதற்கு முன்னால் மேனிஃபோல்டு, டர்பைன், வேஸ்ட்கேட், டவுன்பைப், வினையூக்கி மாற்றி, நடுக்குழாய் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பணியுடன் நிற்கின்றன. 'சைலன்சரை மாற்றினேன்' என்று ஒருவர் கூறும்போது அவர் இவற்றுள் எதை மாற்றினார் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. கடைசிக் கலத்தை மட்டும் மாற்றியவருக்குப் பெரும்பாலும் ஒலிதான் மாறுகிறது. டவுன்பைப்பை மாற்றியவருக்கு எஞ்சினின் நடத்தையே மாறுகிறது.

வெளியேறும் வளிமத்தில் வீணாகும் ஆற்றலைக் கொண்டு எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் காப்புரிமை பெற்றார். பயணிகள் காரில் அது விற்பனைக்கு வந்தது 1962இல், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஆகிய இரு ஊர்திகளின் வழியாக. அதற்குப் பிந்தைய அறுபது ஆண்டுகளில் டர்போ பந்தயக் களத்திலிருந்து இறங்கிச் சிறு குடும்பக் கார்களிலும் இடம்பிடித்துவிட்டது. ஆகவே இங்குக் கூறப்படும் பொறியியல் அரிய ஊர்திகளுக்கு மட்டும் உரியதன்று.

எடுத்துக்காட்டாகும் ஊர்தி

அமெரிக்காவில் விற்பனையான 2002 டபிள்யூஆர்எக்ஸில் இஜே205 என்னும் 2.0 லிட்டர் எஞ்சின் உள்ளது. நான்கு உருளைகளும் இருபுறமும் இரண்டிரண்டாகப் படுத்த நிலையில் எதிரெதிராக அமைந்தவை. மிட்சுபிஷி டிடி04 வகை டர்போ ஏறத்தாழ 0.9 பார் பூஸ்ட் அளிக்க, எஞ்சின் 227 குதிரைத்திறன் தருகிறது. உருளைகள் தாழ்வாகப் படுத்திருப்பதால் வெளியேற்று மேனிஃபோல்டு எஞ்சினுக்கு அடியில் ஓடுகிறது. டர்போவோ மேலே, வலப்புறம் பின்பகுதியில் அமர்ந்திருக்கிறது. எனவே வளிமத்தைக் கீழிருந்து மேலே கொண்டுசெல்ல ஒரு குழாயும், டர்பைனைச் சுழற்றியபின் மீண்டும் கீழே இறக்க மற்றொரு குழாயும் தேவைப்படுகின்றன. பின்னது 'டவுன்பைப்' என்றே எங்கும் அறியப்படுகிறது. முன்னதை ஒலிபெயர்த்து எழுதினால் படிப்போர் இடறுவர் என்பதால் இங்கு 'ஏறுகுழாய்' எனப்படுகிறது.

இவ்வூர்தியில் மூன்று இடங்களில் வினையூக்கி உள்ளது: ஏறுகுழாயில் ஒன்று, டவுன்பைப்பில் ஒன்று, அதற்கடுத்த பகுதியில் ஒன்று. ஏறுகுழாயிலுள்ளது டர்பைனுக்கு முன்னால் நிற்கிறது. குளிர்ந்த எஞ்சின் இயங்கத் தொடங்கியவுடன் விரைந்து சூடேறி மாசைக் குறைக்கவே அது அங்கு வைக்கப்பட்டது. அந்த நோக்கத்தில் குறை காண இயலாது, இடம்தான் சிக்கலானது. முழுச்சுமையில் மிக உயர்ந்த வெப்பமும் அழுத்தத் துடிப்பும் தாக்குமிடம் அது. தேன்கூட்டமைப்பு சிதைந்தால் அதன் துகள்கள் நேரே நிமிடத்திற்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் டர்பைன் இறகுகளின்மீது மோதும். இவ்வூர்தி உரிமையாளர்களிடையே நெடுங்காலமாக நிலவிய அச்சம் இதுவே. அதே தலைமுறையில் பின்னர் 2006ஆம் ஆண்டு மாதிரியாக வந்த 2.5 லிட்டர் டபிள்யூஆர்எக்ஸில் ஏறுகுழாயில் வினையூக்கி இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னழுத்தம் என்ன செய்கிறது

'எஞ்சினுக்குச் சிறிது பின்னழுத்தம் வேண்டும். இல்லையேல் இழுவை குறையும்' என்ற நம்பிக்கை பட்டறைகளில் பரவலானது. டர்போ இல்லாத எஞ்சினில்கூட இது பிழையான காரணகாரியம். அங்குக் குழாயின் நீளமும் விட்டமும் அழுத்த அலைகளை உரிய நேரத்தில் திருப்பியனுப்பி உருளையைக் காலிசெய்ய உதவுகின்றன. குழாயை அளவின்றி அகலமாக்கினால் அவ்வலைகளின் ஒழுங்கு குலைகிறது; இழுவை குறைவது அதனால்தான், பின்னழுத்தம் குறைந்ததால் அன்று. டர்போ எஞ்சினில் டர்பைனுக்குப் பின்னால் இந்த அலைக்கணக்குக்கும் பெரிய இடமில்லை. துடிப்புகளின் ஆற்றலில் பெரும்பகுதியை டர்பைன் எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதன் பின்னுள்ள குழாய் எவ்வளவு தடையற்றதோ அவ்வளவு நன்று. இதற்கான காரணம் டர்பைனின் செயற்பாட்டிலேயே உள்ளது.

டர்பைனுக்குள் நுழையும் வளிமத்தின் அழுத்தத்தை, அதிலிருந்து வெளியேறும் வளிமத்தின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது விரிவு விகிதம். வளிமத்தின் நிறையோட்டமும் வெப்பநிலையும் மாறாதிருக்கையில், கம்ப்ரசரைச் சுழற்றத் தேவையான திறனை இவ்விகிதமே முடிவுசெய்கிறது. ஒரு குறிப்பிட்ட பூஸ்டுக்கு 1.8 என்ற விகிதம் தேவை எனக் கொள்வோம். டர்பைனுக்குப் பின்னால் தனியழுத்தம் 1.30 பார் இருந்தால் முன்னால் 2.34 பார் இருந்தாக வேண்டும். குழாயை மாற்றிப் பின்னழுத்தத்தை 1.10 பாராகக் குறைத்தால் முன்னால் 1.98 பார் போதும். பின்னால் குறைந்தது 0.20 பார், முன்னால் குறைந்தது 0.36 பார். டர்பைனுக்குப் பின்னுள்ள தடை, எஞ்சினை எட்டும்போது விகிதத்தால் பெருக்கப்படுகிறது. டர்போ ஊர்தியில் குழாய் மாற்றம் ஏனைய ஊர்திகளைவிட மிகுதியாகப் பயன்தருவதன் அடிப்படை இந்த எளிய பெருக்கலே ஆகும்.

இதனால் எஞ்சின் பெறும் நன்மைகள் மூன்று வகையின. வெளியேற்றடிப்பில் பிஸ்டன் வளிமத்தைத் தள்ளச் செலவிடும் வேலை குறைகிறது. உருளையில் தங்கிவிடும் சூடான எச்சவளிமம் குறைகிறது. அதனால் அடுத்த சுற்றில் புதுக்கலவை குளிர்ச்சியாக இருக்கும், தட்டல் எரிதலுக்கான வாய்ப்பும் தாழும். மூன்றாவதாக, குறைந்த சுழற்சியிலேயே டர்போ விழித்தெழுகிறது. ஓட்டுநர் உடனே உணர்வது இந்த மூன்றாவதைத்தான். முழுத்திறன் கூடியதைவிட, முந்திச்செல்ல மிதித்த கணத்துக்கும் ஊர்தி பாயும் கணத்துக்கும் இடையிலான காத்திருப்பு சுருங்கியதே அன்றாட ஓட்டத்தில் பயனாகத் தெரிகிறது.

குழாயின் விட்டமும் பொருளும்

227 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ நொடிக்கு 0.17 கிலோ காற்று வேண்டும். எரிபொருளும் சேர, வெளியேறும் வளிமம் நொடிக்கு 0.185 கிலோ அளவில் இருக்கும். டர்பைனைக் கடந்தபின் வெப்பநிலை 700 பாகை செல்சியஸ், அழுத்தம் 1.2 பார் எனக் கொண்டால் அதன் பருமன் நொடிக்கு 0.43 கனமீட்டர். இதனை 54 மி.மீ. உள்விட்டமுடைய குழாயில் செலுத்தினால் வேகம் நொடிக்கு 188 மீட்டரை எட்டும், 73 மி.மீ. உள்விட்டத்தில் 103 மீட்டர்தான். இயக்க அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் முதற்குழாயில் அது 0.076 பார், இரண்டாவதில் 0.023 பார். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு கலமும் இவ்வியக்க அழுத்தத்தில் ஒரு பங்கையோ பல மடங்கையோ விழுங்குகிறது. விட்டம் மூன்றிலொரு பங்கு கூடினால் இழப்பு மூன்றிலொரு பங்காகக் குறைகிறது என்பது இதிலிருந்து பெறப்படும். வெளிவிட்டத்தைக் கொண்டு 'மூன்று அங்குலக் குழாய்' எனப்படுவது இவ்வூர்திக்குப் பெருவழக்கானதற்கு இக்கணக்கே போதிய விளக்கம்.

பின்னோக்கிச் செல்லச்செல்ல வளிமம் குளிர்கிறது. 400 பாகைக்கு இறங்கும்போது அதன் பருமன், அதே அழுத்தத்தில், 700 பாகையில் இருந்ததன் 69 விழுக்காடாகச் சுருங்குகிறது. எனவே டவுன்பைப்பில் காட்டும் தாராளத்தைக் கடைசிக் குழாயிலும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றத்தைப் பின்புறக் கலத்திலிருந்து தொடங்கும் வழக்கம் விலையாலும் எளிமையாலும் வந்தது. பொறியியல் முன்னுரிமை அதற்கு நேரெதிர். டர்பைனை ஒட்டிய முதல் அரை மீட்டரில்தான் வளிமம் மிகச் சூடாகவும் மிக விரைவாகவும் சுழன்றும் வருகிறது; அங்கு நேரும் தடையே பெருந்தடை.

வளைக்கும் முறையும் கருதத்தக்கது. உள்ளே தாங்கி செருகி வளைத்த குழாய் வளைவிலும் முழு விட்டத்தைக் காக்கும். வெறும் அழுத்தத்தால் வளைத்தது வளைவில் நசுங்கும். விளம்பரத்திலுள்ள விட்டம் நேர்ப்பகுதியில் மட்டுமே இருக்கும்.

பொருளைப் பொறுத்தவரை, தொழிற்சாலைக் குழாய்களில் 409 வகைத் துருவேறா எஃகு மிகுதி. அதில் குரோமியம் 11 விழுக்காடு அளவில் உண்டு, நிக்கல் இல்லை எனலாம். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு. பின்னது அழகாகவும் துரு எதிர்ப்பு மிக்கதாகவும் இருப்பதால் மாற்றுக்குழாய் செய்வோர் அதையே விரும்புவர். அதன் குறை வெப்பவிரிவு. ஒரு மீட்டர்க் குழாய் 500 பாகை சூடேறினால் 409 வகை ஏறத்தாழ 6 மி.மீ. நீளும், 304 வகை 9 மி.மீ. அளவுக்கு நீளும். இம்மிகுநீளத்தை ஏற்க நெகிழ்மடிப்பு இணைப்பு இல்லையெனில் சுமை பற்றவைப்பின்மீதும் டர்போவின் திருகுகள்மீதும் விழுகிறது. சில மாதங்களில் தோன்றும் விரிசலுக்குப் பற்றவைத்தவரைக் குறைகூறுவது எளிது. பல நேரங்களில் குற்றம் வடிவமைப்பினுடையது.

வேஸ்ட்கேட்டும் கட்டுமீறும் பூஸ்டும்

டர்பைனுக்குத் தேவைக்கு மேல் வரும் வளிமத்தைச் சுற்றுவழியில் அனுப்பும் கதவே வேஸ்ட்கேட். டிடி04இல் அது டர்பைன் கூட்டிற்குள்ளேயே அமைந்த சிறு மடல்கதவு. பூஸ்ட் இலக்கை எட்டியதும் கதவு திறந்து, மிகுதி வளிமம் டர்பைனைத் தொடாமல் டவுன்பைப்பில் கலக்கிறது. கதவுவழி பக்கவாட்டில் பாயும் வளிமம், டர்பைனிலிருந்து சுழன்றுவரும் ஓட்டத்தைக் குறுக்கே தாக்கும். இதைத் தவிர்க்கவே சில டவுன்பைப்களில் தடுப்புச்சுவர் வைக்கப்படுகிறது. சிலவற்றில் வேஸ்ட்கேட் வளிமம் தனிச்சிறு குழாயில் சற்றுத் தொலைவு சென்று பின்னரே கலக்கிறது. வேறு சில, மணிவாய் போல் அகன்று இரண்டையும் ஒன்றாகவே ஏற்கின்றன. தடுப்புச்சுவர் கூட்டின் முகத்தோடு நன்கு பொருந்தாவிடில் கதவு முழுதாகத் திறக்காமல் அதில் முட்டும் அபாயம் உண்டு. மலிவான குழாய்களில் கவனிக்க வேண்டியது இதுவே.

குழாயைத் தடையற்றதாக்கியவுடன் புதியதொரு சிக்கல் எழுகிறது. முன்னர்ப் பின்னழுத்தம் டர்பைனுக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. இப்போது அது தளர்ந்ததால் குறைந்த வளிமமே தேவையான பூஸ்டைத் தந்துவிடும். மீதி முழுவதும் வேஸ்ட்கேட் வழியே போக வேண்டும். அக்கதவின் துளையோ பழைய அளவில்தான் உள்ளது. உயர் சுழற்சியில் கதவு முற்றிலும் திறந்தும், வெளியேற்ற முடிந்ததைவிட வரவு மிகுதியாகிறது. பூஸ்ட் இலக்கைத் தாண்டி, சுழற்சி ஏறஏறத் தானும் ஏறுகிறது. இதனைக் கணினி நிரலால் சரிசெய்ய இயலாது என்பதை அழுத்திக் கூற வேண்டும். ஏற்கெனவே முழுதும் திறந்திருக்கும் கதவை மேலும் திறக்குமாறு எந்த நிரலும் ஆணையிட முடியாது. துளையை அகலப்படுத்துவதோ, பெரிய கதவுடைய கூட்டை நாடுவதோ, தடையைச் சிறிது விட்டுவைப்பதோதான் வழி. குளிர்காலத்தில் காற்று அடர்த்தியாவதால் இக்குறை கூடும். வெயிற்காலத்தில் சோதித்து நிறைவடைந்தவர், முதல் குளிர்கால இரவில் இதை எதிர்கொள்வதுண்டு.

கட்டுப்பாட்டுக் கணினி

துளை போதுமானதாக இருப்பினும் கணினியின் நிரல் பழைய குழாய்க்கே எழுதப்பட்டது. வேஸ்ட்கேட்டை இயக்கும் சொலினாய்டுக்கு, இந்தச் சுழற்சியில் இவ்வளவு திறப்பு எனத் தொடக்க மதிப்புகள் பதிவாகியுள்ளன. அதே மதிப்பு புதிய குழாயில் மிகுந்த பூஸ்டைத் தரும். கணினி பின்னூட்டத்தால் திருத்த முயலும். அதற்குள் இலக்கு தாண்டப்பட்டிருக்கும். மிகவும் தாண்டினால் எரிபொருள் துண்டிக்கப்பட்டு ஊர்தி குலுங்கும். எரிச்சலூட்டினும் அது எஞ்சினைக் காக்கும் செயலே.

இவ்வூர்தியில் உள்நுழையும் காற்றின் நிறை உணரியால் நேரே அளக்கப்படுகிறது. எனவே கூடுதல் காற்றுக்குக் கூடுதல் எரிபொருளைக் கணினி ஓரளவு தானே சேர்த்துக்கொள்ளும். இதைக் காட்டி, நிரல் மாற்றம் தேவையில்லை என வாதிடுவோர் தீப்பொறி நேரத்தை மறந்துவிடுகின்றனர். தீப்பொறியின் முந்துகோணம் சுமையையும் சுழற்சியையும் கொண்ட அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. சுமை அட்டவணையின் எல்லையைக் கடந்தால் கடைசி மதிப்பே தொடரும். உருளையழுத்தம் கூடியும் முந்துகோணம் குறையாதிருந்தால், எரிமுனை எட்டுமுன்பே மூலையிலுள்ள கலவை தானே வெடித்தெரிகிறது. இதுவே தட்டல் எரிதல். கலிஃபோர்னியாவில் உயர்தரப் பெட்ரோல் எனக் கிடைப்பது அமெரிக்க முறைப்படி 91 ஆக்டேன். தட்டலுக்கு எதிரான இடைவெளி அங்கு ஏற்கெனவே குறுகியது. தட்டல் உணரி கேட்டுத் தீப்பொறியைப் பின்தள்ளும் வரை, பிஸ்டனின் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய மேடுகள்தாம் அடியை வாங்குகின்றன. அவை உடைந்தால் எஞ்சினை முற்றிலும் பிரித்தே சரிசெய்ய வேண்டும். சில நூறு டாலர் பெறும் குழாய்க்குச் சில ஆயிரம் டாலர் எஞ்சினைப் பணயம் வைப்பது, நிரல் மாற்றத்துக்குச் செலவிடத் தயங்குவோர் செய்யும் வழக்கமான பிழை.

வினையூக்கி மாற்றியை நீக்கலாமா

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசிய தேன்கூட்டுக் கட்டியே வினையூக்கி மாற்றி. கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் ஆக்சிஜனேற்றி, நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்கி, மூன்று மாசுகளையும் ஒருசேரக் குறைப்பதால் இது மும்முனை எனப்படுகிறது. எரிபொருளும் காற்றும் வேதியியல் சமநிலையில் இருக்கும்போதுதான் மூன்றும் நிகழும். கட்டி 250 முதல் 300 பாகை வரை சூடேறிய பின்னரே பணி தொடங்கும். அன்றாடப் பயணத்தில் வெளியாகும் ஹைட்ரோகார்பன்களுள் பெரும்பங்கு, கட்டி சூடேறுமுன் கழியும் முதற்சில நிமிடங்களுக்கு உரியது. வினையூக்கியை டர்போவுக்கு அருகில் வைப்பது ஏன் என்பதற்கு இதுவே விடை. மாற்றியை நீக்காமல், அதைப் பின்னுக்குத் தள்ளும் டவுன்பைப்பும் காற்றைக் கெடுக்கிறது என்பது பலர் எண்ணிப்பாராதது.

நீக்குவதால் வரும் ஆதாயத்தை அளந்து நோக்க வேண்டும். தொழிற்சாலைப் பீங்கான் கட்டியில் ஒரு சதுர அங்குலத்திற்கு 400 அல்லது அதற்கு மேற்பட்ட கண்கள் உண்டு. மெல்லிய உலோகத்தகட்டால் செய்த 200 கண் கட்டியைப் பெரிய விட்டத்தில் வைத்தால், வளிமம் அகன்ற முகத்தில் மெதுவாகப் பாய்வதால் தடை மிகக் குறைகிறது. முன்னர்க் கண்ட 0.20 பார் போன்ற குறைப்பில் பெரும்பகுதியைக் குழாயின் விட்டமும் வளைவும் தந்துவிடும். கட்டியை அறவே நீக்குவதால் கூடுவது சிறுபகுதி. அச்சிறுபகுதிக்காக, பின்னால் வரும் ஊர்தியினரும் தெருவோரம் நடப்போரும் கார்பன் மோனாக்சைடை ஏற்க வேண்டியுள்ளது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் ஊர்திக்கு வேறு நியாயம் இருக்கலாம். சாலையில் ஓடுவதற்கு இவ்வாதம் நிற்காது. உலோகக் கட்டிக்கும் குறை உண்டு. கண்கள் குறைந்தால் வினைப்பரப்பும் குறையும். பூசிய உலோகத்தின் அளவில் சிக்கனம் காட்டப்பட்டிருந்தால் விரைவில் செயலிழக்கும். அப்போது பின்புற ஆக்சிஜன் உணரி அதை அறிந்து பி0420 என்ற பிழைக்குறியை எழுப்பும். உணரியைச் சிறு நீட்டிப்புத் துண்டில் பொருத்தி அதை ஏமாற்றும் உத்தி விளக்கை அணைக்குமேயன்றி வளிமத்தைத் தூய்மையாக்காது.

சட்டத்தின் நிலை

அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 203ஆம் பிரிவு, சான்றளிக்கப்பட்ட ஊர்தியின் மாசுக் கட்டுப்பாட்டு உறுப்பை நீக்குவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடைசெய்கிறது. அதற்கென உதிரிப்பாகம் விற்பதும் குற்றமே. 'சாலைப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற அச்சிட்ட வரி, சாலையில் ஓடும் ஊர்தியில் அதைப் பொருத்தியவரைக் காப்பதில்லை. கலிஃபோர்னியாவில் விதி மேலும் நுணுக்கமானது. மாசுக் கட்டுப்பாட்டைத் தொடும் எந்த மாற்றுப்பாகத்துக்கும் அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் நிர்வாக ஆணை எண் வேண்டும். வினையூக்கிகளுக்குப் பின்னுள்ள குழாய்க்கும் ஒலியடக்கிக்கும் அது தேவையில்லை. ஒலி வரம்பு மட்டும் பொருந்தும். 2021 ஜூலை முதல், புகைச்சோதனையின்போது கணினியின் நிரலும் ஆராயப்படுகிறது. உற்பத்தியாளர் நிரலோ, ஆணை பெற்ற நிரலோ அல்லாததை ஏற்றியிருந்தால் ஊர்தி தேறாது. எஞ்சினைக் காக்க நிரலை மாற்றியாக வேண்டும் என்ற தேவையும், மாற்றிய நிரல் சோதனையில் பிடிபடும் என்ற நிலையும் இங்கு மோதுகின்றன. ஆணை எண் பெற்ற நிரலும் பாகமும் ஒருங்கே கிடைக்கும்போதுதான் இம்மோதல் தீர்கிறது. அது கிடைக்காத ஊர்தியில் டவுன்பைப்பைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை.

தமிழகத்தில் சிறு டர்போ பெட்ரோல் கார்கள் பெருகிவரும் சூழலில் இந்திய நிலையையும் சுட்டலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி ஊர்தியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

ஒலி

டர்பைன் தன்னளவிலேயே ஓர் ஒலியடக்கி. ஆகவே டர்போ ஊர்தியில் பெரிய விட்டக் குழாயையும் நேர்வழி ஒலியடக்கியையும் வைத்து அடக்கமான ஒலி பெறுதல் இயலும். துளையிட்ட உட்குழாயைச் சுற்றிக் கண்ணாடியிழையோ பாறைப்பஞ்சோ அடைத்த கலம் உயர் அதிர்வெண்களை நன்கு உறிஞ்சும். தாழ்ந்த முழக்கத்தின்மீது அதன் பிடி குறைவு. நான்கு உருளை எஞ்சின் 3,000 சுற்றுகளில் நொடிக்கு 100 முறை எரிகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் இந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம் காரின் உட்கூட்டோடு ஒத்ததிர்ந்தால், வெளியில் இனிதாகக் கேட்கும் ஊர்தி உள்ளிருப்போருக்குத் தலைவலியாகிறது. இதற்கு ஒரு நேர்த்தியான தீர்வு உண்டு. குழாயின் பக்கத்தில் முனையடைத்த கிளைக்குழாய் ஒன்றை, அலைநீளத்தில் கால்பங்கு நீளத்திற்கு இணைத்தால், அதனுள் சென்று திரும்பும் அலை எதிர்க்கட்டத்தில் வந்து முழக்கத்தை அழிக்கும். கிளைக்குள் வளிமம் தேங்கிக் குளிர்வதால் ஒலிவேகம் நொடிக்கு 430 மீட்டர் அளவில் இருக்கும். 100 ஹெர்ட்ஸுக்கு 1.1 மீட்டர் நீளம் வேண்டும். ஓட்டத்திற்கு எவ்விதத் தடையும் இதனால் இல்லை, இடம்தான் வேண்டும்.

டபிள்யூஆர்எக்ஸின் தனித்த உறுமல் குழாயின் விட்டத்தால் வந்ததன்று. மேனிஃபோல்டின் இரு கிளைகள் நீளத்தில் வேறுபடுவதால் துடிப்புகள் சம இடைவெளியின்றி டர்போவை அடைகின்றன. சமநீள மேனிஃபோல்டு பொருத்தியதும் அவ்வுறுமல் மறைவது கண்டு ஏமாற்றமடைந்தோர் உண்டு.

பொருத்துதலும் அளவிடலும்

டர்போவின் வெளிமுகத் திருகுகள் ஆண்டுக்கணக்கில் சூடேறிக் குளிர்ந்து இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெய் இட்டு ஓரிரவு விடாமல் முறுக்கினால் திருகு கூட்டிற்குள்ளேயே முறியும். கேஸ்கெட்டும் நட்டுகளும் ஒவ்வொரு முறையும் புதியனவாக இருத்தல் வேண்டும். ஏறுகுழாயில் கசிவு இருந்தால் வளிமம் டர்பைனை அடையுமுன் வெளியேறி, பூஸ்ட் தாமதமாகும். மிதிக்கும்போது கேட்கும் சீறல் அதன் அடையாளம். ஆக்சிஜன் உணரிக்கு முன்னால் கசிந்தால், துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு, கலவை மெலிந்ததாக உணரி பொய் கூறும். தொழிற்சாலை வெப்பத்தடுப்புத் தகடுகளைத் தேவையற்றவை எனக் கழற்றி எறிவதும் தவறு. அருகிலுள்ள அச்சு முனைகளின் ரப்பர் உறைகள் அவற்றின் காப்பில்தான் உள்ளன.

பயனை அறியத் திறன்மானியில் முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே கியரில், ஒத்த வெப்பநிலையில் அளந்த வரைகோடுகளே ஒப்பிடத்தக்கவை. வெவ்வேறு இடங்களில் எடுத்த இரு எண்களின் கழிப்பில் பொருளில்லை. அதனினும் மலிவான, நேரான சோதனை ஒன்று உள்ளது. பின்புற ஆக்சிஜன் உணரியைக் கழற்றி, அந்த 18 மி.மீ. மறைத்துளையில் நீண்ட உலோகக்குழல் வழியே ஓர் அழுத்தமானியை இணைத்து, முழுச்சுமையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் அவ்விடத்திற்குப் பின்னுள்ள தடை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 0.05 பார் மட்டுமே காட்டுமாயின், அதற்குப் பின்னுள்ள குழாய்களை மாற்றுவதால் ஒலியைத் தவிர வேறெதுவும் மாறப்போவதில்லை. 0.3 பாரைத் தாண்டினால் எங்கோ அடைப்பு உள்ளது. பழைய ஊர்தியில் அது பெரும்பாலும் உருகிச் சரிந்த வினையூக்கிக் கட்டியாகவே இருக்கும். அந்நிலையில் உற்பத்தியாளர் அளவிலான புதிய மாற்றி ஒன்றே இழந்த திறனைத் திருப்பித் தந்துவிடும்.